ரிவர்ஸ் அண்ணன் மலைக்கு வாங்கிய பை

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ரிவர்ஸ் அண்ணன் என்றால்தான் தெரியும். கல்யாணப் படம் எடுக்கிறவர். மணமக்கள் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வரும்போது, இவர் கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவார். படி வந்தால் அதே வாக்கில் படி ஏறுவார். தரைவிரிப்பு சுருண்டு கிடந்தால் அதையும் தாண்டுவார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. "லாரிக்காரன்கூட கண்ணாடியைப் பாத்துத்தான் ரிவர்ஸ் எடுப்பான், இந்த ஆளுக்கு அதுவும் வேண்டியதில்ல" என்று யாரோ ஒரு டிரைவர் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் விழாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. விளக்குப் பிடிக்கிறவன் என்பதால் லைட்டு என்பார்கள். நாற்பதைத் தொட்ட ஆள், மீசை வேறு, ஆனாலும் லைட்டுதான். அவனுடைய இடது கையில் விளக்கு. வலது கை எப்போதும் ரிவர்ஸ் அண்ணனின் பெல்ட்டில். வாத்தியம் காதைக் கிழிக்கிற இடத்தில் வாயால் பேசி ஆகாது. அதனால் இருவருக்கும் தொட்டே பேசுகிற ஒரு பாஷை உண்டு. பெல்ட்டை லேசாக இழுத்தால், பின்னால் வழி இருக்கிறது, வா. ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கம் வா. கையை மடக்கி முதுகில் வைத்து அழுத்தினால், நில். மொத்தமே இவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்ததில்லை, வேலையில் தானாக வந்தது. எத்தனையோ வருஷமாக இந்த மூன்றை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பம் சாப்பிட்டது.

இதில் ஒரு கோளாறு. வேலை இல்லாத நேரத்திலும் அவர் கால் அடங்குவதில்லை. ஸ்டூடியோவில் ஒரு குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தால் பின்சுவரில் போய் இடிப்பார். அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து முதுகு அகலத்துக்கு ஒரு கறை. வீட்டில் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கப் போய் ஃப்ரிட்ஜ் கதவை நசுக்கியிருக்கிறார். கண் கேமராவுக்குப் போனால் கால் பின்னால் போகும். எல்லாரும் படத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கவலை தலைக்குத் தெரியுமுன்னே காலுக்குத் தெரிந்துவிடும். "அகலமான லென்ஸ் போட்டு நின்ன எடத்துலயே எடுக்கலாமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எடுக்கலாம். ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் பூசணிக்காய் மாதிரி விரிந்துபோவார்கள். காசு கொடுக்கிறவன் அப்படி ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவானா?

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரமாகத்தான் இருந்தது, மலையடிவாரத்து விடுதி மேனேஜர் போன் செய்கிற வரைக்கும்.

ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம். ஆளாளுக்குக் கையில் போன் வைத்துக்கொண்டு எடுத்துத் தள்ளுகிறார்கள். கல்யாணத்துக்குக்கூட நண்பனே படம் எடுக்கிறான். மேனேஜர் பேச்சு நறுக்கென்று இருந்தது. விடுதியில் தங்குகிறவர்களைச் சனிக்கிழமைதோறும் மலைமேல் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மேலே உச்சிப் பாறையில் எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் வேண்டும். வழியில் வரிசையாக நடந்து வருவதுபோல் சில படங்கள் வேண்டும். முதல் வாரம் நன்றாக வந்தால் ஒவ்வொரு வாரமும் உண்டு.

"முன்னாடி ஒருத்தர் எடுத்துட்டிருந்தார்" என்றார் மேனேஜர். "சறுக்கி விழுந்துட்டார். இடுப்பு. இன்னும் படுக்கையிலதான் இருக்கார். நீங்க கொஞ்சம் பாத்து வந்துக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க" என்றார் ரிவர்ஸ் அண்ணன்.

போனை வைத்தபிறகுதான் தெரிந்தது, முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே கால் போயிருக்கிறது. அன்றைக்குப் புகுந்தது பயம்.

பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் எடுத்தவர் விழுந்த கதையை லைட்டிடம் மட்டும் சொன்னார், மனைவியிடம் அதுவும் இல்லை. சொல்கிற வயதா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூடியோ தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு முன்னால் நின்றார். எதிரில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றை மனிதர்களாக நினைத்துக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தார். போகாதே, போகாதே என்று காலிடம் சொல்லிக்கொண்டே எடுத்தார். கண்ணை எடுத்துக் குனிந்து பார்த்தால் கோடு செருப்புக்கு முன்னால் கிடந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் கோடு முன்னால். ஒவ்வொரு தடவையும் கால் தாண்டியதைக் கால் அவருக்குச் சொல்லவே இல்லை. அந்தக் கோட்டைப் பாறையின் விளிம்பாக ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைக்குத் தோளில் தொங்கும் பழைய பை ஆகாது. அது மண்டபத்தில் மேடைக்கு அடியில் தள்ளிவிடத்தான் லாயக்கு. ஒற்றையடிப் பாதையில் அது ஒரு பக்கமாக ஆடினால் ஆளையே சாய்த்துவிடும். முதுகில் மாட்டுகிற பை வேண்டும். மனைவி, லைட்டு, அவர் என்று மூன்று பேருமாகப் பைக்கடைக்குப் போனார்கள். கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு தலையணை உறையில் சுருட்டி லைட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

கடைக்காரர் வாய் ஓயாத ஆள். "எத்தனை நாள் நடை சார்?"

"காலைல போயி மத்தியானம் வந்துருவோம்."

"அப்ப பெரிசு வேணாம். உள்ள அறை அறையா இருக்கும். கனமான லென்ஸை முதுகோட ஒட்டி, நடுவுல வைக்கணும். வெளிப்பக்கம் வெச்சா பின்னால இழுக்கும். அடியில வெச்சா இடுப்பு போயிரும்."

பின்னால் இழுக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் ரிவர்ஸ் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "இழுக்கவே இழுக்காதது எது?" என்றார்.

"இழுக்காத பை உண்டா சார்? கனம்னா இழுக்கத்தான் செய்யும். நீங்க முன்னால சாஞ்சு நடக்கறீங்க, சரியாப்போயிரும்."

"இவரு முன்னால நடந்தாத்தானே" என்றான் லைட்டு.

முதலில் காட்டியது சின்னப் பை. இடுப்புப் பட்டை இல்லை. மாட்டிக்கொண்டு கடைக்குள் பழக்கதோஷத்தில் பின்பக்கமாக நடந்தார். பை இடமும் வலமும் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உடம்பு கூடவே போனது. கழற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. "பின்னால மரம் இருந்தா பை முதல்ல இடிக்கும். மாமாவுக்கு ஹாரன் மாதிரி" என்றான் லைட்டு. சிரித்தார்கள். ரிவர்ஸ் அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. மற்றவர்களுக்குப் பை என்பது பின்னால் வருகிற சாமான். இவருக்குப் பைதான் முதலில் போகும், ஆள் அதற்குப் பின்னால் போவார். மரம் இருந்தால் சரி, பை இடிக்கும். ஒன்றுமே இல்லாத இடத்தில் எதை இடிக்கும்?

மனைவிக்கு அறையும் தெரியாது, லென்ஸும் தெரியாது. அவள் பார்த்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பையின் உச்சியிலும் தூக்குவதற்கு ஒரு வளையம் இருக்கிறதே, அதில் கையை விட்டு, கம்பியில் தொங்குகிற பையை முழு பலத்தோடு இழுத்தாள். அவள் தையல்காரி. தையல் எங்கே விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, அம்மா, கம்பி வந்துரும்" என்று கடைக்காரர் ஓடி வந்தார்.

"வந்தா வரட்டும். இது அறுந்தா எனக்கு என்ன கதின்னு உங்களுக்கென்ன தெரியும்? பை மாட்டினா பெல்ட் மறைஞ்சுரும், இவன் இதைத்தான் பிடிச்சுக்கப் போறான்."

"அதுக்காகவா இது? சும்மா தூக்கி வைக்கறதுக்குத்தாம்மா."

"அக்கா, விடு" என்றான் லைட்டு. "முன்னாடி ஒருத்தன் விழுந்தான்னா அவன் ஒத்தையாப் போனான். நான் இருக்கேன்ல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மனைவி வளையத்திலிருந்து கையை எடுத்தாள். கணவனைப் பார்த்தாள்.

"யாரு விழுந்தது?"

"யாரோ" என்றார் ரிவர்ஸ் அண்ணன். "சும்மா சறுக்கிட்டான். இடுப்புல அடி."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. போகவேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கோபித்துக்கொள்கிற மாதிரி கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பார். அவளோ கடைக்காரரிடம் திரும்பி, "இருக்கறதுலயே கெட்டியானதை எடுங்க" என்றாள்.

வந்தது மூன்றாவது பை. பார்த்தாலே ஒரு தைரியம் வந்தது. இடுப்பில் அகலமான பட்டை, நெஞ்சில் ஒரு கொக்கி. முதுகுப் பக்கம் முழுக்கக் கனத்த ஸ்பாஞ்சு, அதற்கு மேல் காற்றுப் போவதற்கு வலை. "முதுகுல கல்லு மோதினாக்கூட உங்களுக்குத் தெரியாது சார். அவ்வளவு ஸ்பாஞ்சு" என்றார் கடைக்காரர். வளையத்தில் நான்கு அடுக்குத் தையல் ஓடியிருந்தது. மனைவி ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அதையே வாங்கினார்கள். மூன்று பேருக்கும் திருப்தி.

சனிக்கிழமை வந்தது. ஏதோ ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மலைப்பாதை முதலில் அகலமாகத்தான் இருந்தது. போகப்போக ஒரு ஆள் போகிற அளவுக்குச் சுருங்கி, ஒரு பக்கம் பாறைச் சுவரும் மறுபக்கம் சரிவுமாக ஆனது. சரிவில் புல் இருந்ததால் ஆழம் தெரியவில்லை. கீழே பார்க்கக் கூடாது என்று வந்தவருக்குக் கீழே பார்ப்பதைத் தவிர வேறு வேலையே ஓடவில்லை. பை அவ்வப்போது பாறையில் உரசிச் சர்ரென்றது. ஒவ்வொரு சர்ருக்கும் அவர் முன்கை மயிர் நின்றது. சட்டை நனைந்துவிட்டது. வெயிலே இல்லை.

"மாமா, என்ன ஊமையாட்டம் வரீங்க?" என்றான் பின்னால் வந்த லைட்டு.

"மூச்சு வாங்குது."

"அதான பாத்தேன். மேடை ஏறின கால், மலை ஏறத் திணறுது."

நடந்து வருகிற படங்களை அன்றைக்கு அவர் முன்னால் போய் எடுக்கவே இல்லை. பாறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, கடந்து போகிறவர்களைப் பக்கவாட்டில் எடுத்தார். எல்லாம் காதும் கன்னமுமாக வந்தது. போகட்டும் என்று விட்டார்.

உச்சிப் பாறை வீட்டு மொட்டைமாடி மாதிரி தட்டையாக இருந்தது. கூட்டத்தை மலைப்பக்கமாக நிறுத்தினார்கள். அப்படியென்றால் படம் எடுக்கிறவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கவேண்டும். ரிவர்ஸ் அண்ணன் திரும்பி விளிம்பைப் பார்த்துவைத்துக்கொண்டார். தூரம்தான். நிறையவே தூரம். அங்கே மேகம் ஒன்று பாறைக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. லைட்டு பையின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

"பிடிச்சியா மாப்ள?"

"பிடிச்சாச்சு."

கேமராவைக் கண்ணில் வைத்தார். வைத்ததும் ஒரு அதிசயம். அதுவரை உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நடுக்கம் நின்றுவிட்டது. சின்னச் சதுரத்துக்குள் மனிதர்கள், சிரிப்பு, தொப்பி, குழந்தைகள். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. அதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். "ஓரத்துல இருக்கறவங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். "பாப்பாவை மேல தூக்குங்க சார்."

இனி நடந்ததை லைட்டு பிறகு சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அவர் கால் கிளம்பிவிட்டது. லைட்டு கொஞ்ச தூரம் கூடவே பின்னால் வந்தான், இடம் இருந்தது. பிறகு கையை மடக்கி முதுகில் அழுத்தினான். நிற்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். நிற்கவில்லை. அவன் அழுத்தியதெல்லாம் கெட்டியான பைக்குள்ளும் கனத்த ஸ்பாஞ்சுக்குள்ளும் போய்ச் செத்தது. அவர் முதுகுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. விளிம்புக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது லைட்டுதான். அவர் ஒரு அடி பின்னால் வைத்தால் அவன் ஒரு அடி பின்னால் போகவேண்டும். கடைசியில் அவனுடைய குதிகால் பாறையை விட்டு வெளியே நின்றது. பயத்தில் அவன், விழாமல் இருப்பதற்காக, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

இழுத்தால் என்ன அர்த்தம்? பின்னால் வழி இருக்கிறது, வா.

ரிவர்ஸ் அண்ணனுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தோள் வார்களில் நன்றாக உறைத்தது. மச்சான் கூப்பிடுகிறான், இடம் இருக்கிறது. அவர் நம்பிக்கையோடு காலைப் பின்னால் எடுத்தார்.

அந்த நேரம் சதுரத்துக்குள் ஒரு தடித்த மனிதர் வரிசையை விட்டுவிட்டு நேராக இவரை நோக்கி ஓடி வந்தார். முகம் பெரிசாகிக்கொண்டே வந்தது. படம் கெட்டுப்போகிறதே என்று இவருக்கு எரிச்சல். "சார், எடத்துல நில்லுங்க சார்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அந்த ஆள் இவருடைய நெஞ்சுக் கொக்கியையும் சட்டையையும் சேர்த்து அள்ளிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தார். அவர்மேல் இவர். இவர்மேல், வளையத்தை விடாமல், லைட்டு.

பின்னால் ஒரு கல் உருண்டது. அது எங்கேயாவது விழுந்து சத்தம் கேட்கும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். கேட்கவே இல்லை.

முதலில் பேசியது அந்தத் தடித்த மனிதர்தான். எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, லைட்டைப் பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, உனக்கு வாய் இருக்கில்ல? நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இங்க காத்துச் சத்தம்கூட இல்லையே."

லைட்டு அவரையே பார்த்தான். ரிவர்ஸ் அண்ணனைப் பார்த்தான்.

"தோணல சார்" என்றான்.

உண்மையாகவே தோணவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வேலைக்கு வாய் தேவைப்பட்டதே இல்லை.

படம் எடுக்காமல் இறங்க முடியாது. ரிவர்ஸ் அண்ணன் பாறைக்கு நட்டநடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, காலை மடித்துத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு எடுத்தார். கை உதறியதில் பாதி கலங்கிப்போனது. மீதி தேறியது. உட்கார்ந்து எடுத்ததில் எல்லாரும் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி விழுந்திருந்தது. லைட்டு எட்டத்தில் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். இறங்கி வருகிற வழியெல்லாம் அவனிடமிருந்து ஒரு கேலி இல்லை. அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னான்.

"மாமா, மண்டபத்துக்குக் கூப்பிடுங்க, எந்த நேரம்னாலும் வரேன். மலைக்கு வேணாம். என்னைத் திட்டினாலும் திட்டிக்குங்க."

திட்ட இவருக்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் தவறியிருந்தால் மனைவியிடம் அவள் தம்பியைப் பற்றி என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தார். அந்த நினைப்பை முடிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறியபிறகும் குதிகால் இரண்டும் கூசிக்கொண்டே இருந்தன.

மேனேஜருக்குப் படம் பிடித்துப்போயிற்று. அதுதான் வந்த வினை. "வானத்தைத் தொட்ட மாதிரி எடுத்திருக்கீங்களே, பிரமாதம். வாராவாரம் வந்துருங்க. ஆனா நடந்து வர படம் சரியில்ல. எல்லாம் காதுதான் தெரியுது. மூஞ்சி தெரியணும். கல்யாணத்துல முன்னால போய் எடுப்பீங்களாமே, அந்த மாதிரி." பாதையில் முன்னால் போய் எடுப்பதென்றால் உட்கார்ந்து எடுக்க முடியாது. சரிவின் ஓரமாக, ஒற்றையடிப் பாதையில், பின்பக்கமாக நடக்கவேண்டும். "சரிங்க" என்றார். ஸ்டூடியோ இருக்கிற இருப்புக்கு வேறு என்ன சொல்ல?

அன்றைக்குத்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தையல் மெஷினில் இருந்தாள். கேட்கக் கேட்க மிதிப்பதை நிறுத்தினாள். தம்பியின் குதிகால் வெளியே நின்றது என்று சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாயால சொல்லி நிக்க வெச்சா?" என்றாள் பிறகு.

வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள். அவர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பின்பக்கமாக வந்தார். அவள் பின்னாலிருந்து "நில்லுங்க" என்றாள். அவர் வந்தார். "ஏங்க, நில்லுங்கங்கறேன்" என்று கத்தினாள். அவர் போய் ஃப்ரிட்ஜில் இடித்தார். இத்தனை காலம் வாத்தியச் சத்தத்தில் வேலை செய்து பழகிய காது, கண் கேமராவுக்குப் போய்க் கால் கிளம்பியதும் கடையை மூடிவிடுகிறது. அவருக்கு அவள் குரல் கேட்கவே இல்லை.

"கூப்பிட்டியா?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கெட்டிப் பையை இழுத்து எடுத்தாள். "வாங்க கடைக்கு" என்றாள்.

கடைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன குறை சார்?"

"குறையே இல்ல. அதான் குறை" என்றார் ரிவர்ஸ் அண்ணன். "முதுகுல ஒண்ணுமே இல்லாத பை வேணும். வெறும் துணியா இருக்கணும்."

"சார், லென்ஸ் விளிம்பு முதுகுல குத்தும். ரெண்டு நாள்ல திட்டுவீங்க."

"குத்தட்டும்."

கடைக்காரர் பரணில் ஏறி, தூசு தட்டி ஒரு பையை எடுத்தார். ஒல்லியான பை. தோளை விட்டு வெளியே நீளாத அகலம். உள்ளே லென்ஸுக்கு ஒரு சின்ன அட்டை அறை. அது மேல்பாதியில் இருந்தது. கீழ்ப்பாதியில் முதுகுக்கும் வெளிக்கும் நடுவே மெல்லிய துணி மட்டும். சாமான்களை எல்லாம் மேலே வைத்து மாட்டினார். லென்ஸின் விளிம்பு தோள் எலும்பில் உட்கார்ந்து வலித்தது. மனைவி வளையத்தை இழுத்துப் பார்த்தாள்; இந்தத் தடவை அதில் அவளுக்கு மனசில்லை. பின்னால் வந்து நின்றாள்.

"கேமராவைக் கண்ணுல வைங்க."

வைத்தார். எதிரில் தொங்கிய குடைகளும் பள்ளிக்கூடப் பைகளும் சதுரத்துக்குள் வந்தன.

கையை மடக்கி, பையின் கீழ்ப்பாதியில் அழுத்தினாள். "தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?" இன்னும் லேசாக.

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது" என்றார். சொல்லும்போதே கண் சதுரத்தை விட்டு நகர்ந்தது. குடைகளுக்கு நடுவில் கடைக்காரர் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி. அதில் அவர் நின்றார். அவருக்குப் பின்னால் அவள். அவளுடைய இரண்டு கையும் அவளுடைய கைப்பையின் மேல் இருந்தன.

அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். யாரும் தொடாமலே அவருக்குத் தொட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. தெரியவேண்டும் என்ற ஆசையில் தெரிந்திருக்கிறது. இதே போல மலைப்பாதையில் யாரும் இழுக்காதபோதே இழுத்த மாதிரி தெரிந்தால்?

"பில் போட்டுரலாமா சார்?" என்றார் கடைக்காரர்.

"இருங்க" என்றார் ரிவர்ஸ் அண்ணன். கேமராவை மறுபடி கண்ணில் வைத்தார். கண்ணாடி தெரியாதபடி திரும்பிக்கொண்டார். "இன்னொரு தடவை வை. நீ கேக்காத. எனக்குத் தெரிஞ்சா நானே சொல்றேன்."

நின்றார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. கடைக்காரர் இருமினார். முதுகில் ஏதோ பட்டது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அது போய்விட்டது. மறுபடி இன்னொன்று வந்தது. அதையும் விட்டார். கால் பின்னால் கிளம்பப் பார்த்தது. கட்டைவிரலைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். வியர்வை புருவத்தில் இறங்கிக் கேமராவின் மேல் விழுந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய கை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தது. பொய்யாக வந்தவற்றுக்கெல்லாம் சூடு இல்லை, இதற்கு இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, மடக்கிய நாலு விரலின் கணுக்கள் தனித்தனியாக.

"இப்பத்தான்" என்றார். "இப்பத்தான் வெச்ச."



"ஆமா" என்றாள். கையை எடுக்கவில்லை. "சனிக்கிழமை நான் வரேன். நான் பிடிச்சுக்கறேன். நான் கைய வெச்சா நீங்க நிக்கணும். எதுவுமே தெரியலன்னாலும் நிக்கணும், நான் இழுக்கறது தெரிஞ்சாத்தான் நகரணும்."

"நீ விளிம்புப் பக்கம் நிப்ப" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள்.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார். கடைக்காரரிடம் பில் போடச் சொன்னார்.